உங்களுக்குத் தெரியுமா? ஸ்டோருக்குள் யாருக்குப் பக்கத்தில் யார்?

கெடாத் தமிழர்களுக்கு ரசாயனம் புதிதல்ல. பால் கொட்டகையின் அம்மோனியா நெடியில் வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கூலிம், சுங்கை பட்டாணி, குருண் வட்டாரக் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள், சரக்குக் கணக்கு எழுதுகிறார்கள். சரக்கின் பெயர் மாறியிருக்கிறது. ஸ்டோர் சாவி இன்னும் பல இடங்களில் நம் ஆட்களின் இடுப்பில்தான் தொங்குகிறது. இந்தப் பக்கம் முழுக்க அவர்களுக்காக.

● மரத்தில் வடிந்த பால் உறையாமல் இருக்க அம்மோனியா வேண்டும். அதே பால் உறைந்து ஷீட் ஆக ஃபார்மிக் அமிலம் வேண்டும். ரப்பர்த் தோட்டத்துக்கு இரண்டும் தேவை. ஆனால் இரண்டும் ஒரே மூலையில் இருக்கக் கூடாது. ஒன்று காரம், மற்றது அமிலம். செறிவாக இருக்கும்போது கலந்தால் சட்டென்று சூடேறித் தெறிக்கும். தனித்தனியே வைத்தால் இரண்டும் பல காலம் சும்மா கிடக்கும். ஸ்டோர் விபத்துகளில் பெரும்பாலானவற்றைக் கிளறிப் பாருங்கள், ‘எது இருந்தது’ என்பதைவிட ‘எதற்குப் பக்கத்தில் இருந்தது’ என்பதே பெரிய கேள்வியாக நிற்கும்.

● சரக்கை அகர வரிசையில் அடுக்குவது பார்க்க அழகு, தேடி எடுக்கவும் சுலபம். ரசாயனக் கிடங்கில் அதைவிட மோசமான ஒழுங்கு கிடையாது. தமிழில் அடுக்கினால் அமிலமும் அம்மோனியாவும் ஒட்டி உட்காரும். ஆங்கிலத்தில் அடுக்கினால் அசிட்டோனுக்குச் சற்றுத் தள்ளி அமோனியம் நைட்ரேட் வந்துவிடும். குணத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்: எரிவது ஒரு பக்கம், எரிய வைப்பது வேறு பக்கம், அமிலம் தனி, காரம் தனி, தண்ணீர் பட்டால் பொங்குவது ஈரம் அண்டாத மேட்டில்.

● எரிவதற்கும் எரிய வைப்பதற்கும் என்ன வித்தியாசம்? லேபிளில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் வெறும் தீச்சுடர் இருந்தால் அது எரியும் பொருள். சுடருக்குக் கீழே ஒரு வட்டமும் இருந்தால், அது ஆக்சிஜனைக் கொடுத்து அக்கம்பக்கத்து அட்டைப்பெட்டி, சாக்கு, மரப்பலகை எல்லாவற்றையும் மூர்க்கமாக எரியச் செய்யும் பொருள். இந்தத் தீயை மூடி அணைக்க முடியாது. ஈரச்சாக்கு, மணல், கரியமில வாயு எல்லாம் காற்றைத் தடுப்பவை. இந்தத் தீக்கோ வெளிக்காற்று தேவையில்லை. ஏராளமான தண்ணீர் ஒன்றே வழி. லேபிளில் அந்தச் சின்ன வட்டத்தைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம்.

● 1930-களில் நியூசிலாந்து விவசாயிகளின் காற்சட்டைகள் வெடித்தன. கதை இல்லை, பதிவான நடப்பு. ராக்வார்ட் என்னும் களையை ஒழிக்க அவர்கள் சோடியம் குளோரேட் கரைசலை அடித்தார்கள். அது துணியில் ஊறிக் காய்ந்ததும் பருத்தித் துணியே வெடிமருந்தாகிவிட்டது. குளிருக்குக் கணப்பின் முன்னால் உலர்த்தினால் ‘டமார்’. குதிரைமேல் போகும்போது சேணத்தில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். இதை ஆராய்ந்து எழுதிய வரலாற்று ஆய்வாளர் ஜேம்ஸ் வாட்சனுக்கு 2005-இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது. நாமும் யோசிக்கலாம்: அதே சோடியம் குளோரேட் மலேசிய ரப்பர்த் தோட்டங்களிலும் புல்லுக்கு அடிக்கப்பட்டது. இங்கே கணப்பு இல்லை. ஆனால் பீடி இருந்தது, விறகடுப்பு இருந்தது.

● அதற்கும் முந்திய காலத்துப் புல் மருந்து சோடியம் ஆர்செனைட். பெயரிலேயே தெரியும், ஆர்செனிக் நஞ்சு. உப்புச் சுவை இருப்பதால் மாடுகள் மருந்து அடித்த புல்லைத் தேடித் தேடித் தின்னும். லயத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. 1960-களில் பாராகுவாட் வந்து அதை ஓரங்கட்டியது.

● பாராகுவாட்டின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 1962-இல் ஐசிஐ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த மருந்தை நம் தோட்டங்களில் கிராமக்சோன் என்றால்தான் தெரியும். உடம்புக்குள் போனால் முறிக்க மருந்து இல்லை. பலர் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததால் தெரியாமல் குடித்தவர்கள் உண்டு. அதனால்தான் பின்னர் அதில் நீல-பச்சைச் சாயமும் குமட்டும் நாற்றமும் வாந்தி வரவழைக்கும் மருந்தும் சேர்த்தார்கள். தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் நகம், தோல், கண், மூக்கு பட்ட பாட்டை 2002-இல் தெனாகனித்தா அமைப்பும் பினாங்கைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது. 2006-இல் தோட்ட முதலாளிகள் தரப்பின் நெருக்குதலுக்குப் பிறகு தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடை. அறிவிப்பிலிருந்து அமலுக்கு 18 ஆண்டுகள்! புல்லுக்குக் காட்டிய அவசரத்தை ஆளுக்குக் காட்டவில்லை என்பதே என் கணிப்பு.

தடை வந்ததால் பழைய ஸ்டோர் மூலையில் கிடக்கும் மிச்சம் மறைந்துவிடாது. எஸ்டேட் விற்றுக் கைமாறும்போது இந்த மிச்சங்களும் கைமாறுகின்றன. பூட்டிய அறையில் பெயர் அழிந்த கேன் கிடந்தால் திறந்து முகராதீர்கள். கால்வாயில் ஊற்றவும் வேண்டாம்.

● ரவுண்டப் போன்ற புல் மருந்துகளில் இருக்கும் கிளைபோசேட் கலந்த தண்ணீரைத் துத்தநாகம் பூசிய தகர வாளியிலோ உட்பூச்சு இல்லாத இரும்புத் தொட்டியிலோ வைத்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய தொட்டியில் அது சேர்ந்திருக்கும்போது சிகரெட் நெருப்போ வெல்டிங் பொறியோ பட்டால் வெடிக்கும். ரவுண்டப் லேபிளில் இது எழுதியே இருக்கிறது. எழுத்துதான் கண்ணுக்குத் தெரியாத அளவு. பாராகுவாட் செறிவு மருந்தும் அலுமினியத்தைத் தின்று அதே வாயுவைத்தான் கிளப்பும். பிளாஸ்டிக் வாளிக்கு மாறியது விலை மலிவினால்தான் என்றாலும் அது நல்ல காரியம்.

● ஃபார்மிக் அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது எறும்புகளிலிருந்து. ஜான் ரே என்னும் ஆங்கிலேயர் 1671-இல் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்தார்.

● அதே ஃபார்மிக் அமிலம், செறிவு மிகுந்தது, வெயில் படும் இடத்தில் நாள்பட்டுக் கிடந்தால் மெல்ல மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். மூடியை இறுக்கி அடைத்த கேன் வயிறு உப்பிக்கொள்ளும். இதற்காகவே அந்தக் கேன்களுக்குக் காற்றுப் போக்கும் மூடி போடுகிறார்கள். ‘சிந்துகிறது’ என்று அந்த ஓட்டையைப் பிசின் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

● அம்மோனியா காற்றைவிட லேசு, குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். அதனால் அம்மோனியா ஸ்டோருக்குக் காற்றுப் போக்கி கூரையோரம் வேண்டும். குளோரின் ஸ்டோருக்குத் தரையோரம் வேண்டும். குளோரின் கசிந்தால் குனிந்து ஓடக் கூடாது, மேட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அழுத்தத்தில் அடைத்த அம்மோனியா பீறிட்டால் குளிர்ந்த வெண்மூடுபனியாகத் தரையை ஒட்டியும் படரும். ஆகவே எந்த வாயுவானாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக விலகுவது புத்தி. கிடங்குக் கூரைமேல் துணிக்குழாய் ஒன்று ஆடிக்கொண்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

● அம்மோனியா டாங்கிக்குப் பித்தளைக் குழாய் போடக் கூடாது. செம்பு, பித்தளை, துத்தநாகம் மூன்றையும் அது அரித்துத் தின்னும்.

● கூலிம், லூனாஸ், சுங்கை பட்டாணி வட்டாரத்துக் கையுறை ஆலை வேலை தெரிந்தவர்களுக்கு இது: அச்சுகளை நனைக்கும் கால்சியம் நைட்ரேட் எரிய வைக்கும் இனம். கையுறை ஒட்டாமல் இருக்க குளோரின் வாயு. கழுவ அமிலம், காரம், சோடியம் ஹைப்போகுளோரைட். பால் கெடாதிருக்க அம்மோனியா. பால் வலுப்பெறக் கந்தகம். ஒரே கூரைக்குக் கீழ் இவ்வளவும். ஹைப்போகுளோரைட்டில் அமிலம் பட்டால் குளோரின் வாயு. அம்மோனியா பட்டால் குளோரமீன் வாயு. இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்கும். குளோரோக்ஸையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றித் தேய்க்கும் வீட்டிலும் நடப்பது இதேதான்.

● கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது, மலேசியாவில் இவ்வகையில் முதலாவது. சில்லு செய்யும் ஆலைகள் பயன்படுத்தும் சிலேன் என்னும் வாயு, காற்றுப் பட்டாலே தீப்பெட்டி இல்லாமல் பற்றிக்கொள்ளும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ கண்ணாடியையே கரைக்கும். அதனால் பிளாஸ்டிக் கலத்தில்தான் இருக்கும். தோலில் பட்ட உடனே வலிக்காமல் போகலாம், உள்ளே எலும்பின் கால்சியம்வரை போய்ப் பிடிக்கும். ஏராளமான தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்த ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாத ஸ்டோருக்குள் அந்த அமிலம் வரவே கூடாது.

● கார்பைட் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன் மரம் வெட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கால்சியம் கார்பைட்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசெட்டிலின் வாயு, அதுதான் வெளிச்சம். நோன்புப் பெருநாளில் மலாய்ப் பிள்ளைகள் போடும் மூங்கில் பீரங்கியின் சத்தமும் அதே வாயுதான். சொட்டாக விழுந்தால் விளக்கு, கொட்டினால் வெடி. வெல்டிங் கடைகளில் இந்தக் கார்பைட் டிரம்மைத் தரையில் வைத்திருந்தால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கில் மலைவெள்ளம் புகுந்தபோது, கூப்பாங் பக்கத்து வீடுகளில் என்ன ஏது என்று பார்க்கவே நேரம் இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் தண்ணீரோடு ஒத்துப்போகாத சரக்குக்குத் தரை இடமில்லை.

● தண்ணீர் ஆகாத இன்னொன்று நம் நெல் கிடங்குகளில் இருக்கிறது. கெடா நாட்டின் நெற்களஞ்சியம்; மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் முடிந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு போகம். அரிசியில் வண்டு பிடிக்காமலிருக்க அலுமினியம் பாஸ்ஃபைடு மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்ஃபின் என்னும் கொடிய வாயுவை விடும். பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வந்தால் சந்தேகப்பட வேண்டும். வாடை வராவிட்டாலும் பத்திரம் என்று அர்த்தமில்லை. டப்பாவை வெட்டவெளியில்தான் திறக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மருந்து வைத்த கிடங்கை ஒட்டிய அறையில் யாரையும் படுக்க விடக் கூடாது.

● கோயில் கடைக் கற்பூரத்துக்கும் ஐக்கிய நாடுகள் சபை ஓர் எண் கொடுத்திருக்கிறது: 2717. எரியும் திடப்பொருள், வகுப்பு 4.1. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முன்னே கற்பூரமும் தீப்பெட்டியும் நல்லெண்ணெயும் ஒரே பலகையில் மலையாக ஏறும் கடைகளை நம் ஊரில் பார்க்காதவர் உண்டா?

● நெடுஞ்சாலையில் முன்னால் போகும் டாங்கி லோரியின் பின்புறத்திலும் இப்படி நான்கு இலக்கம் இருக்கும். 1005 என்றால் நீரற்ற அம்மோனியா. 1017 குளோரின். 1075 சமையல் எரிவாயு. விபத்தில் 999-ஐ அழைக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் தீயணைப்புப் படைக்குப் பாதி வேலை மிச்சம்.

● லோங்கான் பழ மரத்தைப் பருவமில்லாக் காலத்தில் பூக்க வைக்கப் பொட்டாசியம் குளோரேட் போடுவார்கள். 1999 செப்டம்பர் 19-ஆம் தேதி, வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் மாநிலத்தில் அந்த உப்பை வைத்திருந்த பழ ஆலை ஒன்று வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழம் உலர்த்தும் ஆலையில் வெடி விபத்து என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

● குருணில் உள்ள பெட்ரோனாஸ் உர ஆலை அம்மோனியாவும் யூரியாவும் செய்கிறது. யூரியா மூட்டை தானாக வெடிக்காது. ஆனால் அதன்மேல் குளத்துக்குப் போடும் குளோரின் தூள் கொட்டினால், நைட்ரஜன் ட்ரைகுளோரைடு என்னும் வெடிபொருள் உருவாகலாம்.

வெடிக்கும் உரம் என்று பெயரெடுத்தது அமோனியம் நைட்ரேட். பார்வைக்கு இரண்டும் வெள்ளைக் குருணைகள்தான். 1921 செப்டம்பர் 21-ஆம் தேதி ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில், கிடங்கில் கட்டிபட்டுப்போன அமோனியம் சல்பேட்-நைட்ரேட் உரக் குவியலை உடைக்கச் சிறு வெடி வைத்தார்கள். அதற்கு முன் ஆயிரக்கணக்கான தடவை அப்படி உடைத்து ஒன்றும் ஆகாததால் வந்த துணிச்சல். அன்று சுமார் 4,500 டன் கிடங்கில் இருந்தது. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், ஊரில் ஒரு பெரிய குழி மிஞ்சியது. 1947-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கப்பல் சரக்காக இருந்த அமோனியம் நைட்ரேட் வெடித்து ஏறத்தாழ 580 பேர்.

பிறகு பெய்ரூட். 2020 ஆகஸ்ட் 4. துறைமுகத்தின் 12-ஆம் கிடங்கில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாகக் கிடந்தது. அதே கிடங்கில் வாணவெடிகளும் இருந்ததாகப் பின்னர் தெரியவந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடித்தது முழுதும் அல்ல, சுமார் 552 டன் மட்டுமே என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை கணக்கிட்டது. மீதி எங்கே போயிற்று என்பது வேறு கதை.

அந்தச் செய்தி வந்த வாரமே சென்னை அலறியது. மணலியில் உள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில், 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் 37 பெட்டகங்களில் அப்படியே கிடந்தது. பக்கத்திலேயே குடியிருப்பு. ஐந்து ஆண்டு நகராத கோப்பு சில நாளில் நகர்ந்து, சரக்கு ஐதராபாத்துக்கு ஏறியது. பறிமுதல் சரக்கு யாருக்கும் சொந்தமில்லாத சரக்கு. அதனால் யாரும் அதைப் போய்ப் பார்ப்பதில்லை. கிடங்குகளில் எனக்கு மிகவும் பயம் தருவது இந்த அனாதைச் சரக்குதான்.

● மே 7 என்ற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1991 மே 7: சிலாங்கூர் மாநிலம் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் வாணவெடித் தொழிற்சாலை தீப்பற்றி வெடித்து 26 பேர் உயிரிழந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுற்றுவட்டார வீடுகளும் தப்பவில்லை. மலேசியத் தொழில் பாதுகாப்பு வரலாற்றில் அதுதான் திருப்பம். 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. பெரும் விபத்து அபாயமுள்ள ஆலைகளுக்கான தனி விதிகள் 1996-இல் வந்தன.

2020 மே 7: ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில், அதிகாலை 3 மணி அளவில், எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் டாங்கியிலிருந்து ஸ்டைரின் ஆவி கிளம்பி ஊருக்குள் புகுந்தது. 12 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே எதுவும் எதனோடும் கலக்கவில்லை. ஸ்டைரின் தன்னோடு தானே சேர்ந்து கெட்டியாகும் குணமுள்ளது. சேரும்போது சூடு வரும், சூடு வந்தால் இன்னும் வேகமாகச் சேரும். இதைத் தடுக்க டிபிசி என்னும் மருந்தைக் கொஞ்சம் கலந்து, திரவத்தைச் சுழலவிட்டுக் குளிர்ச்சியாக வைப்பார்கள். அந்தத் தடுப்பு மருந்து நாளாக நாளாகக் குறையும். வேலை செய்ய ஆக்சிஜனும் வேண்டும். ஊரடங்கில் ஆலை மூடிக் கிடந்த வாரங்களில் பெரிய டாங்கிக்குள் திரவம் ஒழுங்காகச் சுழலவில்லை, மேல்பகுதி சூடேறியது. மூடிய ஆலை என்றால் ஆபத்தில்லாத ஆலை என்று நினைப்பவர்களுக்கு விசாகப்பட்டினம் ஒரு பதில். இங்கும் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் எத்தனையோ டாங்கிகள் இருந்தன.

● போபால், 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. 610-ஆம் எண் டாங்கியில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட். அதற்குள் தண்ணீர் புகுந்தது. அதைக் குளிர வைக்கும் எந்திரம் செலவு மிச்சம் என்று மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது.

● கொழும்புக் கடலில் 2021 மே மாதம் எரிந்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில், ஒரு பெட்டகத்திலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது தீக்குப் பல நாள் முன்பே தெரியும். கத்தாரிலும் குஜராத்திலும் அதை இறக்க முயன்று முடியவில்லை. அடுத்து, வங்காளதேசத்தின் சீதாகுண்டு, 2022 ஜூன் 4: பெட்டக நிலையம் தீப்பற்றியது. உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பது தெரியாமல் நெருங்கிய தீயணைப்பு வீரர்களும் அதில் மாண்டார்கள். இறந்தோர் மொத்தம் ஏறத்தாழ 50. வாசலில் ஒரு சரக்குப் பட்டியல் மாட்டியிருந்தால் இந்தத் தொகை குறைந்திருக்கும்.

● தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பானே விபத்துக்குக் காரணமாகுமா? ஆகும். 2024 செப்டம்பர் 29, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் கான்யர்ஸ் நகரில், நீச்சல்குள ரசாயனக் கிடங்கில் தெளிப்பான் கோளாறாகித் தண்ணீர் கொட்டியது. சரக்கு நனைந்து குளோரின் புகை எழுந்தது. சுமார் 17,000 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள்.

● சிவகாசிக்காரர்களுக்கு அலுமினியத் தூளும் மழையும் ஒத்துவராது என்பது தெரியும். ஈரம் பட்டால் சூடேறி ஹைட்ரஜன் விடும்.

● ஃபைபர் படகும் தண்ணீர்த் தொட்டியும் செய்யும் பட்டறைகளில் இரண்டு சிறு போத்தல்கள் இருக்கும்: பிசினை இறுக வைக்கும் பெராக்சைடு, அதை முடுக்கும் கோபால்ட். இரண்டையும் தனித்தனியாகப் பிசினில்தான் கலக்க வேண்டும். நேருக்கு நேர் சேர்ந்தால் வெடி. ஒரே தட்டில் அவை அருகருகே நிற்பதைப் பார்த்தால் ஒன்றை எடுத்து வேறு அலமாரிக்கு மாற்றுங்கள்.

● திரவம் கீழ்த்தட்டில், தூள் மேல்தட்டில். கீழே வைத்த தூள்மேல் மேலிருந்து மருந்து ஒழுகினால் இரண்டும் போச்சு. டிரம்களைச் சுற்றிக் கட்டும் தடுப்புச் சுவருக்குள், இருப்பதிலேயே பெரிய கலத்தின் கொள்ளளவில் 110 விழுக்காடு தங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இந்தச் சுவர் ஏன் என்பதற்கு ஐரோப்பா கொடுத்த விலை பெரிது. 1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கில் சுமார் 1,350 டன் ரசாயனம் தீப்பற்றியது. தீயை அணைத்தார்கள். அணைத்த தண்ணீர் பூச்சிமருந்தோடு ரைன் ஆற்றில் இறங்கியது. ஆறு சிவந்தது, நானூறு கிலோமீட்டர்வரை விலாங்கு மீன்கள் செத்தன. தீயைவிட தீயணைத்த தண்ணீர் செய்த கேடு அதிகம். இப்போது நம் வரைபடத்தைப் பாருங்கள். சுங்கை மூடா கெடாவின் வயல்களுக்கும் குழாய்களுக்கும் மட்டும் ஓடவில்லை, பினாங்கு குடிக்கும் நீரில் பெரும்பகுதியும் அதிலிருந்துதான். அதன் கரையோரக் கிடங்குகளுக்குத் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை இரண்டு மாநிலத்தாருக்கும் உண்டு.

● ஆலைக் கழிவை எவ்வளவு நாள் சொந்த வளாகத்தில் வைத்திருக்கலாம்? 2005-ஆம் ஆண்டு விதிப்படி, பட்டியலிட்ட கழிவுகள் 180 நாளுக்குமேல் இருக்கக் கூடாது, 20 டன்னையும் தாண்டக் கூடாது. அனுப்பச் செலவாகும் என்று இருட்டில் ஆற்றில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங் கண்டது. கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவின் வாயுவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன.

● மலேசியாவில் அபாய ரசாயனத்தோடு தர வேண்டிய பாதுகாப்புத் தகவல் தாள், 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் கட்டாயமில்லை. நேப்பாளியிலும் வங்காளியிலும் இல்லை. இன்று தோட்டத்தில் மருந்தடிப்பவரும் கிடங்கில் மூட்டை தூக்குபவரும் யார் என்று பார்த்தால், இந்தத் தாள் யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வி வரும். படம்போட்ட ஒரே ஒரு பலகை, அவரவர் மொழியில் நான்கு வரி. எந்த நிறுவனமும் இதற்காக நட்டப்படப் போவதில்லை.

● திருத்திய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு சில துறைகளுக்கு மட்டும் இருந்தது, இப்போது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி இல்லையென்றால், ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். உரக்கடையோ, பெயிண்ட் கடையோ, கோயில் சாமான் மொத்த வியாபாரமோ, ஐந்து பேர் என்றால் ஐந்து பேர்தான். இன்னொன்றும் அதில் இருக்கிறது: உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இதைச் சொல்லித் தர ஆள் தேடாதீர்கள். நீங்களே நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

● தேசிய நச்சு மையம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1-800-88-8099. எந்த ரசாயனம், எவ்வளவு, எப்போது பட்டது என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்வார்கள். மூச்சு முட்டுகிறது, நினைவு தப்புகிறது என்றால் முதலில் 999. இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டோர் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்ளே புகை சூழ்ந்த பிறகு உள்ளே போய்ப் படிக்க முடியாது.